கணினி படித்த கண்: அந்தத் தாளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது, பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. ஊரில் நடந்த முகாமில் இரண்டு கண்களையும் கேமராவில் படம் பிடித்தார்கள். மருத்துவர் எவரும் பார்க்கவில்லை. சில நிமிடங்களில் "மேல் பரிசோதனை தேவையில்லை, ஓராண்டு கழித்து வரவும்" என்று ஒரு தாள் அச்சாகி வந்தது. படத்தைப் படித்தது செயற்கை நுண்ணறிவு என்பது பிறகுதான் தெரிந்திருக்கிறது. நீங்கள் ஒலிப்பதிவுக் கூடங்களில் கீபோர்டு வாசிப்பவர். உங்கள் தொழிலுக்குள் இயந்திரம் புகுந்து செய்ததைப் பார்த்தவர் என்பதால், "கண்ணையும் அப்படி மலிவு வேலையாக ஆக்கிவிட்டார்களா, இதை நம்பலாமா" என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், "கொஞ்ச நாளாக டிவியில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்கிறார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிக்குத்தான் முதல் பதில். பார்வை மங்குகிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னபின் முகாம் தாளுக்கு வேலை இல்லை. ஸ்கிரீனிங் என்பது தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்குச் செய்கிற சோதனை. தொந்தரவு இருப்பவருக்கு வேண்டியது முழுப் பரிசோதனை. இந்த வாரத்திலேயே அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்தப் படத்தை இயந்திரத்துக்குப் பதிலாக நானே படித்துத் தாளில் கையெழுத்திட்டிருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

இனி மற்றது. நான் விழித்திரை மருத்துவம் பார்ப்பவன். இத்தகைய படங்களைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். இப்போது அதை இயந்திரம் செய்வதையும் பக்கத்திலிருந்து பார்த்து வருகிறேன். சர்க்கரை நெடுங்காலம் கட்டுக்குள் இல்லாமல் போனால் விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்கள் பலவீனப்படும். முதலில் குழாய்ச் சுவரில் ஊசிமுனை அளவில் புடைப்புகள். பிறகு சிறு ரத்தக் கசிவுகள், மஞ்சள் நிறக் கொழுப்புப் படிவுகள். முற்றிய நிலையில் புதுக் குழாய்கள் தாறுமாறாக முளைத்து, உடைந்து, கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். ரத்தம் கொட்டாமலும் நடுப்பகுதியான மேக்குலா தப்பித்தும் இருக்கும் வரை நோயாளிக்குப் பெரும்பாலும் எதுவுமே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. சிகிச்சை இல்லாமல் இல்லை. முற்றிய கட்டத்திலும் லேசர் சிகிச்சை கடுமையான பார்வையிழப்பைப் பாதிக்குப் பாதி குறைக்கும் என்பது 1970-களில் அமெரிக்காவில் நடந்த ஆய்விலேயே நிரூபணமாகிவிட்டது. இன்று மேக்குலா வீக்கத்துக்கு ஊசி மருந்துகளும் இருக்கின்றன. ஆளை உரிய காலத்தில் கண்டுபிடிப்பதில்தான் தோற்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, 2023-இல், நாட்டில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 10.1 கோடி என்று மதிப்பிட்டது. இத்தனை பேரின் விழித்திரையையும் ஆண்டுதோறும் பார்ப்பது, மற்ற வேலைகளும் உள்ள கண் மருத்துவர்களால் மட்டும் ஆகிற காரியமில்லை.

இயந்திரம் நுழைந்தது இந்த இடைவெளியில்தான். அந்தக் கதையில் மதுரைக்கும் சென்னைக்கும் பங்கு உண்டு. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016 இறுதியில் "ஜாமா" மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1,28,175 விழித்திரைப் படங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முதல் ஏழு முறை தரம் பிரிக்க 54 கண் மருத்துவர்கள். அவர்களின் தீர்ப்புகளைக் கொண்டு ஒரு நிரலுக்குப் பயிற்சி. படங்களில் ஒரு பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. மற்றொரு பகுதி மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளிலிருந்து. "இப்படிச் சிவந்திருந்தால் கசிவு" என்று யாரும் அதற்கு விதி எழுதிக் கொடுக்கவில்லை. 2018 ஏப்ரலில் வேறொரு நிறுவனத்தின் ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற நிரலுக்கு, மருத்துவர் படத்தைப் பார்க்காமலேயே முடிவு சொல்லும் அனுமதியை அமெரிக்க அரசின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வழங்கியது. அந்த வகையில் அதுதான் முதல் அனுமதி.

கூகுளின் நிரலை அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்த முடிவுகள் 2019-இல் வந்தன. சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய அளவுக்கு நோய் இருந்தவர்களில் அரவிந்தில் 88.9 சதவீதம் பேரையும் சங்கர நேத்ராலயாவில் 92.1 சதவீதம் பேரையும் அது பிடித்தது. நோய் இல்லாதவர்களைச் சரியாக விடுவித்தது முறையே 92.2, 95.2 சதவீதம். வழக்கமாகத் தரம் பிரிக்கும் மனிதர்கள் அதே நோயாளிகளிடம் பிடித்தது ஏறக்குறைய 73 முதல் 90 சதவீதம் வரை. எங்கள் கூட்டத்துக்குச் சற்று வலிக்கிற எண்தான், ஆனால் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: தெளிவான படத்தைப் படித்து இந்த ஒரு நோயைத் தரம் பிரிப்பது என்ற குறுகிய வேலையில், நன்கு சோதிக்கப்பட்ட நிரல் பயிற்சி பெற்ற மனிதருக்குக் குறைந்ததில்லை. மாலை நான்கு மணிக்கு முந்நூறாவது படத்தைப் பார்க்கும்போது எனக்குக் கண் சொக்கும், அதற்குச் சொக்காது.

"நன்கு சோதிக்கப்பட்ட" என்ற அடைமொழியைச் சும்மா போடவில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் எடுத்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை ஏழு நிரல்களிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2021-இல் வெளிவந்தது. பிடிக்க வேண்டியவர்களில் மிகத் திறமையான நிரல் ஏறத்தாழ 86 சதவீதத்தைப் பிடித்தது. மிக மோசமானது 51 சதவீதத்தை. நாணயம் சுண்டிப் பார்த்திருக்கலாம். ஏழுமே விற்பனைக்கு இருந்தவை அல்லது சந்தைக்கு வரத் தயாராக இருந்தவை. ஆகவே "செயற்கை நுண்ணறிவு நல்லதா" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எந்த நிரல், எந்தக் கேமரா, யாருடைய கண்களில் சோதித்தது என்று கேட்டால்தான் பதில் உண்டு. முகாம் நடத்தியவர்களிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

தாளிலுள்ள "தேவையில்லை" என்பதற்கு எவ்வளவு எடை என்பதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. ஆயிரம் சர்க்கரை நோயாளிகளில் 60 பேருக்கு அனுப்பத்தக்க பாதிப்பு இருக்கிறது. நிரல் 90 சதவீதம் பிடிக்கும், 95 சதவீதம் சரியாக விடுவிக்கும் என்று கொள்வோம். 60-இல் 54 பேர் பிடிபடுவார்கள், 6 பேர் நழுவுவார்கள். நோயில்லாத 940 பேரில் 47 பேரை வீணாகப் பயமுறுத்தும். அதாவது "போய்ப் பாருங்கள்" என்று தாள் வாங்கிய 101 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒன்றுமில்லை. "தேவையில்லை" என்று தாள் வாங்கிய 899 பேரில் 6 பேருக்கு நோய் இருக்கிறது. எதிர்மறை முடிவு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி. ஆனால் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் சர்க்கரை நோய்ப் பிரிவில் இதே நிரலை வைத்தால் கணக்கு மாறும். அங்கே வருகிறவர்களில் நோய் முற்றியவர்கள் அதிகம், எனவே நழுவுகிறவர்களும் அதிகம். நழுவிய ஆறு பேரையும் காப்பாற்றுவது அடுத்த ஆண்டுச் சோதனை. பொதுவாக இந்த நோய் மெதுவாக நகரும் என்பதால்தான் ஆண்டுக்கு ஒருமுறை என்ற ஏற்பாடே. ஒருமுறை பார்த்து நிம்மதி அடைந்து ஐந்தாண்டு வராமல் இருப்பவருக்கு அந்தத் தாள் நன்மையைவிடத் தீமையே செய்யும்.

இதுவரை சொன்னதெல்லாம் படம் தெளிவாக இருந்தால். நடைமுறையில் வண்டி மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். கூகுளின் அதே நிரலைத் தாய்லாந்தில் பதும் தானி, சியாங் மாய் மாகாணங்களில் 11 மருத்துவ நிலையங்களில் வைத்து, செவிலியர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார்கள். 2020-இல் அது கட்டுரையாக வந்தது. நிரலுக்குள் சென்ற 1,838 படங்களில் 21 சதவீதத்தை "தரம் போதவில்லை" என்று அது திருப்பியனுப்பியது. பெரும்பாலான நிலையங்களில் அறையை இருட்டாக்க வசதியில்லை; வெளிச்சத்தில் கண்ணின் பாவை சுருங்கும், படம் மங்கும். இணையம் மெதுவாக இருந்ததால் வரிசை நகரவில்லை. செவிலியர் தம் கண்ணால் பார்த்து "இதில் ஒன்றுமில்லை" என்று சொல்லியிருக்கக்கூடிய படத்தை நிரல் ஏற்க மறுத்ததால், நோயாளி வேலையை விட்டுவிட்டுத் தொலைதூர மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. ஆய்வகத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வாங்கிய நிரல்தான் அது.

நம் முகாம்களில் கதை வேறாக இருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. கல்யாண மண்டபத்து ஜன்னல்களை மூட முடிவதில்லை. அறுபது தாண்டியவர்களுக்குப் பாவை இயல்பாகவே சிறிது. சர்க்கரை அதை இன்னும் விரியவிடாது. கண்புரை இருந்தால் கேமராவுக்கும் உள்ளே மங்கல்தான் தெரியும். நல்ல நிரல் இப்படிப்பட்ட படத்தை மறுத்துவிடும். மறுப்பதே அதன் நேர்மை. முகாமில் கூட்டம் நெரிக்கும்போது "படம் சரியில்லை" என்ற முடிவை என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் நான் கவனிப்பேன். சரியான வழக்கம், படிக்க முடியாத கண்ணை நோயுள்ள கண்ணாகவே கருதி மருத்துவரிடம் அனுப்புவது. ஒரு கண் தெளிவாக விழுந்து மற்றது விழாமல் போக, ஒற்றைக் கண்ணின் முடிவை ஆளுக்கே முடிவாக எழுதிக் கொடுத்த தாள்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவின் தாளில் வலது, இடது இரண்டுக்கும் தனித்தனியாக முடிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

தாள் சொல்லாதது இன்னும் பெரிது. இந்த நிரல்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் பழக்கப்பட்டவை: சர்க்கரையால் வந்த விழித்திரைப் பாதிப்பு, மருத்துவரிடம் அனுப்பும் அளவுக்கு இருக்கிறதா இல்லையா. கண் நீர் அழுத்த நோய் இருக்கிறதா என்று நீங்கள் அதைக் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. கண்புரை, கண்ணாடியின் பவர் மாற்றம், நரம்புக் கோளாறு எதுவும் கேள்வித்தாளில் இல்லை. சாதாரண முகாம் கேமரா விழித்திரையின் நடுப் பகுதியைத்தான் பிடிக்கும். ஓரங்கள் படத்துக்கு வெளியே. மேக்குலா வீக்கம் என்பது தடிமன் சம்பந்தப்பட்ட விஷயம், தட்டையான படத்தில் தடிமன் தெரியாது. பக்கத்தில் மஞ்சள் படிவு இருந்தால் வீக்கம் இருக்கலாம் என்று இயந்திரமும் நாங்களும் ஊகிக்கிறோம், அவ்வளவுதான். உறுதியாகச் சொல்ல, விழித்திரையின் தடிமனைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் வேண்டும். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்கிற உங்கள் அம்மாவுக்கு இதில் எது என்று ஒரு முகாம் படத்தை வைத்து எவராலும் சொல்ல முடியாது. அவரைப் பார்க்காமல் என்னாலும் முடியாது. கண்ணாடியின் பவர் மாற்றமா, வயதால் வந்த புரையா, சர்க்கரையால் வந்த வீக்கமா என்று ஊகித்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

சரி, நிரல் நல்லது, படம் தெளிவு, நோயும் பிடிபட்டது. அதன்பின்? எனக்கு நெடுநாள் ஆதங்கம் இந்த இடத்தில்தான். தாளை வாங்கியவர் மருத்துவமனைக்கு வந்து சேரவில்லை என்றால் நிரலின் சதவீதங்கள் அனைத்தும் வீண். இங்கிலாந்தும் வேல்ஸும் இதைக் காட்டியிருக்கின்றன. அங்கே 2009-10-இல் பார்வையிழப்புச் சான்றிதழ் பெற்றவர்களை ஆராய்ந்தபோது, வேலை செய்யும் வயதினரின் பார்வையிழப்புக்குச் சர்க்கரை முதல் காரணமாக இல்லை என்று தெரிந்தது. ஐம்பது ஆண்டுகளில் அது முதல்முறை. சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டதும் நாடு தழுவிய கண் ஸ்கிரீனிங் திட்டமும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தத் திட்டத்தில் படங்களைப் படித்தவர்கள் மனிதர்கள். அதன் பலம் வேறு இடத்தில் இருந்தது: சர்க்கரை நோயாளிகள் அனைவரின் பதிவேடு, வீட்டுக்குக் கடிதம், வராதவருக்கு மறு கடிதம், பாதிப்பு தெரிந்தால் குறித்த காலத்துக்குள் சிகிச்சை. இங்கே கேமராவுக்கும் நிரலுக்கும் நன்கொடையாளர் கிடைக்கிறார். நோயாளிக்கு இரண்டாம் முறை போன் செய்ய ஒரு ஊழியரின் சம்பளத்துக்குக் கிடைப்பதில்லை. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட முடியாத செலவு அது.

இயந்திரத்துக்கு இதிலும் ஒரு நன்மை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ருவாண்டாவில் நடந்த ஒரு சிறிய சோதனையில், நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு நிரலின் முடிவை அங்கேயே அப்போதே சொன்னார்கள். மற்றவர்களுக்குப் படத்தை மனிதர் படித்துச் சில நாள் கழித்துச் சொன்னார்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று உடனே கேட்டவர்களில் 51.5 சதவீதம் பேர் சென்றார்கள், காத்திருந்து கேட்டவர்களில் 39.6 சதவீதம். எதிரே உட்கார்ந்திருக்கும்போதே சொன்னால் காதில் ஏறுகிறது. இருந்தும் பாதிப் பேர் போகவில்லை என்பதையும் அதே எண் சொல்கிறது.

உங்கள் தொழிலோடு ஒப்பிட்டீர்கள். இசைத் தொழிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவனாக ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்கிறேன். டீசர் என்ற இசைத் தளம், தினமும் தன்னிடம் வந்து சேரும் பாடல்களில் 18 சதவீதம் முழுக்க இயந்திரம் செய்தவை என்று 2025 ஏப்ரலில் சொன்னது. பாட்டுக்கு யாரும் பஞ்சப்பட்டிருக்கவில்லை. ஏற்கெனவே நிரம்பி வழிந்த இடத்தில் இயந்திரம் இன்னும் கொட்டுகிறது, வாசிக்கிறவரின் பங்கு குறைகிறது. எங்கள் பக்கம் படத்தைப் படிக்க ஆளில்லாத இடத்துக்கு அது வந்திருக்கிறது. முகாமில் உங்கள் அம்மாவின் படத்தை இயந்திரம் படிக்காவிட்டால் வேறு மருத்துவர் படித்திருப்பார் என்பதில்லை; பெரும்பாலும் யாருமே படித்திருக்க மாட்டார்கள். வேலை பறிபோகும் அச்சம் இங்கும் உண்டு. அது மருத்துவர்களைவிட, இதற்கென்றே பயிற்சி பெற்றுப் படங்களைத் தரம் பிரித்து வந்த தொழில்நுட்பப் பணியாளர்களுக்குத்தான் அதிகம். இன்னொரு வேறுபாடு தவற்றின் இயல்பில். இயந்திரம் மோசமாக மெட்டுப் போட்டால் கேட்கிறவர் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். விழித்திரையைத் தவறாகப் படித்தால் சத்தமே வராது.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு தொழிலும் ஒரே படகில் இருக்கின்றன: இயந்திரம் யாருடைய பொருளில் கற்றுக்கொண்டது? அனுமதியில்லாமல் பதிவுகளை வைத்துப் பயிற்சி கொடுத்ததாக, இயந்திரத்தால் பாட்டு உருவாக்கித் தரும் சூனோ, யூடியோ நிறுவனங்கள்மீது பெரிய இசை நிறுவனங்கள் 2024-இல் வழக்குத் தொடுத்தன. அதே ஆண்டு ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை "லால் சலாம்" படப் பாடலுக்காக மீட்டெடுத்தபோது, குடும்பத்தாரின் அனுமதியைப் பெற்று ஊதியமும் கொடுத்ததாகத் தெரிவித்தார். விழித்திரைப் படங்களில் பெயரும் முகவரியும் நீக்கப்படுகின்றன; ஆராய்ச்சிக்கு அது போதும் என்பது நடைமுறை. எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. 2018-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்களே, விழித்திரைப் படத்தை மட்டும் வைத்து ஒருவர் ஆணா பெண்ணா என்பதையும், சில ஆண்டு வித்தியாசத்தில் வயதையும் நிரல் சொல்லிவிடுகிறது என்று காட்டினார்கள். விழித்திரை மருத்துவரால் படத்தைப் பார்த்து ஆண், பெண் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பெயரை நீக்கிவிட்டோம் என்று நாம் நினைக்கும் படத்தில் நமக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவோ இருக்கிறது. முகாமில் கையெழுத்து வாங்கிய படிவத்தில் படத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளும் வரி இருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். மறுக்க அவருக்கு உரிமை உண்டு.

அதே ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக, கண் படத்திலிருந்து மாரடைப்பு அபாயத்தையும் சொல்வோம் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். ஆய்வாகச் சுவையானது. ஆனால் ரத்த அழுத்தமும் கொழுப்பும் புகைப்பழக்கமும் பார்த்தே கணக்கிடக்கூடிய ஒன்றைக் கண் வழியாகச் சொல்வதால் நோயாளிக்குக் கூடுதலாக என்ன நன்மை என்பது இன்னும் நிலைநாட்டப்படவில்லை. அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன். அந்தப் பணத்தில், இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடலாம்.

அம்மாவை அழைத்துப் போகும்போது முகாம் தாளையும், கிடைத்தால் படங்களையும், சர்க்கரை, ரத்த அழுத்த அளவுகள் எழுதிய நோட்டையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பதும் விழித்திரைக்கு முக்கியம். பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாகவும் வெளிச்சம் கூசியும் இருக்கும், தனியாக அனுப்ப வேண்டாம். கண் அழுத்தமும் பார்க்கட்டும். மேக்குலாவில் சந்தேகம் இருந்தால் மருத்துவரே ஓசிடி எழுதுவார். அண்மையில் மாத்திரை மாற்றியோ இன்சுலின் தொடங்கியோ சர்க்கரை சடாரென்று இறங்கியிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள், பார்வை மங்க அதுவும் ஒரு காரணமாகலாம். அப்படியானால் சர்க்கரை நிலைப்படும் வரை சில வாரங்கள் புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம். எல்லாம் சரி என்று வந்துவிட்டால் அடுத்த ஆண்டு அதே முகாமுக்கே அவர் போகலாம், நான் தடுக்க மாட்டேன். திடீரென்று கண்ணுக்குள் கறுப்பு நூல்கள் மிதப்பதாகவோ ஒரு பக்கம் திரை விழுந்ததாகவோ சொன்னால் மட்டும் முகாமும் வேண்டாம், அடுத்த வாரமும் வேண்டாம். அன்றைக்கே விழித்திரைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.